அந்தமானில் பாரை மீன் பிடிப்பது எப்படி?

முதல் வேலை, ஊரைக் கூட்டிச் சொல்வது. மார்கழி பிறந்து, சென்னையில் 22 டிகிரிக்கே மங்கி குல்லாய்கள் வெளியே வரும் சமயம் பார்த்து, "இந்தக் குளிர் ஒத்துக்கல சார், அந்தமான் போறேன், மீன் பிடிக்க" என்று சொல்லுங்கள். அங்கே கடல் தண்ணீரே 27 டிகிரி வாக்கில் இருக்கும். "காசிமேட்டுல இல்லாத மீனா?" என்று எவராவது மடக்கினால், 'கேம் ஃபிஷிங்' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

அலுவலகத்தில் 'அங்க சிக்னல் கிடையாது' என்ற சாக்கு இனி எடுபடாது. 2020 ஆகஸ்டிலேயே சென்னையிலிருந்து கடலுக்கடியில் 2,300 கிலோமீட்டருக்குக் கேபிள் இழுத்துவிட்டார்கள். வேறு ஏதாவது யோசியுங்கள்.

இறங்கும் ஊர் போர்ட் பிளேர். 2024 முதல் ஸ்ரீ விஜய புரம். அங்கிருந்து ஹேவ்லாக் தீவுக்குக் கப்பல். டிக்கெட்டில் ஸ்வராஜ் தீவு என்று போட்டிருந்தால் கவுண்டரில் சண்டைக்கு நிற்க வேண்டாம், அதுவும் ஹேவ்லாக்தான்.

ஓய்வெடுக்கத்தானே போகிறோம் என்று நினைத்தால், அந்த எண்ணத்தைப் படகுத்துறையிலேயே விட்டுவிடுங்கள். கடிகாரம் நம்முடையதுதான், சூரியன் மட்டும் முந்திக்கொள்ளும். டிசம்பரில் ஐந்தரை மணி வாக்கில் விடிந்து, மாலை ஐந்துக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே விடியுமுன் எழுப்புவார்கள். வாந்தி மாத்திரையைப் படகு ஏறுவதற்கு அரை மணி முன்பே போட்டுவிட வேண்டும். அலையைப் பார்த்துக்கொண்டு போட்டுக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள், முந்தின ராத்திரி பரோட்டாவை மீன்களுக்கு அளித்து அன்றைய முதல் இரையைப் போட்டவர் என்ற பெருமையைப் பெறுகிறார்கள்.

படகுக்காரர் பெரும்பாலும் வங்காளி. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வாரிசு. பறவைகள் எங்கே விழுகின்றன, நீரோட்டம் எந்தப் பாறையில் மோதுகிறது என்று பார்த்து அவரே படகை நிறுத்துவார், நூல் கோப்பார், முடிச்சுப் போடுவார். இதற்கிடையில் நீங்கள் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடிவானத்தைப் பார்த்துத் தலையாட்டினால் போதும்.

பிறகு உங்கள் கையில் 'பாப்பர்' வரும். சாண் நீள மரத்தில் மீன்போல் வர்ணம் பூசி, வயிற்றிலும் வாலிலும் கொக்கி தொங்கவிட்ட பொய் மீன். தூர வீசி, வெடுக்கென்று இழுத்தால் 'ப்ளக்' என்று தண்ணீர் தெறிக்கும். மறுபடி வீசு, மறுபடி இழு. முப்பது முறைக்குள் தோள்பட்டை தனியாகப் பேச ஆரம்பிக்கும். அப்போது, "நீரோட்டம் சரியில்ல" என்று சொல்லி உட்காரலாம். படகுக்காரர் மறுக்க மாட்டார், அவருக்கு நாள் வாடகை.

திடீரென்று கடல் வெடிக்கும். கொண்டம்பாரை பாய்ந்து கவ்வியதும் செய்கிற முதல் காரியம், பவளப் பாறையை நோக்கி ஓடி நூலை அறுக்கப் பார்ப்பது. படகுக்காரர் இன்ஜினைத் திருப்பி ஆழத்துக்குப் போவார். உதவியாள் பின்னாலிருந்து உங்கள் பெல்ட்டைப் பிடித்துக்கொள்வார். நீங்கள் மீனை இழுக்க, அவர் உங்களை இழுக்க, கடைசியில் மீன் மேலே வந்தால் பிடித்தது நீங்கள்தான்.

படம் முக்கியம். மண்டியிட்டு, ஒரு கையால் வாலடியைப் பிடித்து, மறு கையை வயிற்றுக்கடியில் கொடுத்து, கேமராவை நோக்கி நீட்டுங்கள். மீன் ஒரு சுற்றுப் பெருக்கும். பெல்ட் பிடித்தவர் சட்டகத்துக்குள் வரக் கூடாது. பிறகு பாரையைக் கடலிலேயே விட்டுவிடுவதுதான் இந்த விளையாட்டின் மரபு. இருபது கிலோ மீனை நழுவவிடும்போது அந்த வங்காளியின் முகத்தைப் பார்க்காதீர்கள். "என்னங்க, கொழம்புக்காவது ஒண்ணு எடுத்திருக்கலாமே" என்பார் வீட்டுக்காரம்மா. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சாயங்காலம் ஓட்டலில் வஞ்சிரத்தை எடை போட்டுக் காசு வாங்கும்போது அது இன்னும் நன்றாகத் தெரியும்.

சில இடங்களில் வீரம் வேண்டாம். வண்டூர் பக்கம் 1983-இல் அறிவித்த கடல் தேசியப் பூங்காவில் மீன்பிடிக்கத் தடை. வெளியாரை அண்டவிடாத பழங்குடிகள் வாழும் வடக்கு சென்டினல் தீவை நெருங்குவதும் குற்றம். 2006-இல் தூக்கத்தில் படகு அடித்துக்கொண்டு போய்க் கரை ஒதுங்கிய இரண்டு மீனவர்கள் உயிரோடு திரும்பவில்லை. கழிமுகங்களில் முதலை எச்சரிக்கைப் பலகைகள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல.

திரும்பும்போது கரையில் பொறுக்கிய பவளத் துண்டு எதையும் பெட்டியில் போடாதீர்கள். விமான நிலைய ஸ்கேனரில் தெரியும், சட்டமும் பாயும். பாரையின் எடையை மட்டும் எந்த ஸ்கேனரும் பார்ப்பதில்லை. இருபது கிலோவாக ஏற்றி, மீனம்பாக்கத்தில் முப்பத்தைந்தாக இறக்கலாம்.