சர்வர் மறுப்பியல்: ஒரு முன்னாய்வு

தொலைவில் இருக்கும் சர்வருக்குள் எஸ்.எஸ்.எச். வழியாக நுழையப் பார்த்து, அது இடம் கொடுக்காத தருணங்களே இக்கட்டுரையின் ஆய்வுப் பரப்பு. ஒழுங்காக நுழைந்த தருணங்கள் விலக்கப்பட்டுள்ளன. அவற்றை எந்த அட்மினும் நினைவில் வைத்திருப்பதில்லை என்பதால் தரவு கிடைக்கவில்லை.

வரலாறு சுருக்கமானது. 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டார்கள். அப்போது புழங்கிய டெல்நெட், பாஸ்வேர்டை மறைக்காமல் அப்படியே கம்பியில் அனுப்பும். அங்கிருந்த டாட்டு யுலோனென் கடுப்பாகி எஸ்.எஸ்.எச்.சை எழுதினார். போர்ட் எண்களில் எஃப்.டி.பி.க்கு 21, டெல்நெட்டுக்கு 23; நடுவில் 22 சும்மா கிடந்தது. கேட்டார், கொடுத்துவிட்டார்கள். அந்த போர்ட் விஷயத்தில் கேட்டவுடன் கிடைத்த கடைசிப் பொருள் அந்த எண்தான் என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

மறுப்பு இருவகைப்படும்: வாய்மறுப்பு, மௌனமறுப்பு. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று வந்தால் அது வாய்மறுப்பு. புதியவர்கள் இதைக் கண்டு கலங்குகிறார்கள். உண்மையில் இது நற்செய்தி. மெஷின் உயிரோடு இருக்கிறது, பாதையும் சரி. பெரும்பாலும் 22-இல் கேட்க ஆளில்லை, அவ்வளவே. சர்வீஸ் படுத்திருக்கலாம், அல்லது முந்தைய அட்மின் போர்ட்டை 2222-க்கு மாற்றிவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம். 'டைம்டு அவுட்' மௌனமறுப்பு. லினக்ஸ் வழக்கமாக இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் காத்திருக்க வைத்துவிட்டுத்தான் இதைச் சொல்லும். ஃபயர்வால் பாக்கெட்டை விழுங்கியதா, ஐ.பி. தவறா, மெஷினே செத்துவிட்டதா என்று இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த இரண்டு நிமிடமும் மனிதர்கள் நம்பிக்கையோடு திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது வியப்புக்குரியது.

இவ்விரண்டிலும் அடங்காதது 'பெர்மிஷன் டினைடு'. பேசுகிறது, ஆனால் காரணம் சொல்வதில்லை. காரணம் வேண்டுமெனில் கட்டளையோடு 'வி' என்ற எழுத்தைச் சேர்க்க வேண்டும். இன்னும் விவரம் வேண்டுமெனில் இரண்டு 'வி', மூன்று 'வி'. நான்காவதும் போடுவோர் உண்டு. மென்பொருள் மூன்றுக்கு மேல் கணக்கில் கொள்ளாது. நான்காவது 'வி' நேர்த்திக்கடன் வகையில் சேரும். இத்தனை 'வி'களும் காட்டுவது நம் பக்கத்துக் கதையை மட்டுமே. நம் சாவியைக் காட்டினோம், அங்கே ஏற்கவில்லை. ஏன்? அது சர்வரின் ஆத் லாகில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. படிக்க வேண்டுமெனில் உள்ளே போக வேண்டும்.

இது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. வாசலில் நிற்பவர் திருடராகவும் இருக்கலாம். அவருக்கு விளக்கம் சொல்வது முறையல்ல. லாகில் இருக்கும் காரணமோ பலமுறை அற்பமானது: ஹோம் டைரக்டரியில் பிறரும் எழுதலாம் என்று உரிமை திறந்து கிடக்கும், ஆகவே சர்வர் சாவியை நம்ப மறுத்திருக்கும். அதைத் திறந்துவிட்டது யார் என்று தேடினால், முந்தின வாரம் வேறொரு பிரச்சினைக்கு எல்லாவற்றுக்கும் 777 போட்டுத் தீர்வு கண்டவரே அகப்படுகிறார். 777 எதையும் தீர்ப்பதில்லை. அடுத்த பிரச்சினையின் தேதியை மட்டுமே குறிக்கிறது.

இறுதியாகத் தன்மறுப்பு: எஸ்.எஸ்.எச்.சில் உட்கார்ந்துகொண்டே, 22-க்கு வழிவிடாமல் ஃபயர்வாலை இயக்குவது. உபுண்டுவின் யு.எஃப்.டபிள்யூ. இதை முன்கூட்டியே எச்சரித்து, தொடரலாமா என்று கேட்கும். எல்லோரும் 'ஒய்' அழுத்துகிறார்கள். பழைய ஜன்னலை மூடாமல் வைத்துக்கொண்டு, புதிய ஜன்னலில் நுழைந்து பார்ப்பது உத்தமம். மூடியவர்களுக்கு மிஞ்சுவது கிளவுட் நிறுவனத்தின் வெப் கன்சோல். அது பாஸ்வேர்டு கேட்கும். பல ஆண்டுகளாகச் சாவியிலேயே நுழைந்துவந்த அலுவலகத்தில் அது யாருக்கும் தெரியாது. முந்தைய அட்மினுக்குத் தெரிந்திருக்கலாம். அவரை அழைத்தால் மணி அடிக்கிறது, எடுப்பதில்லை. இது வாய்மறுப்பா, மௌனமறுப்பா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது.