மின்விசிறி பூட்டியல்: மூலமும் உரையும்

யாப்பருங்கலத்துக்கு விருத்தியுரை கண்ட மரபில், பெடஸ்டல் ஃபேன் பெட்டிக்குள் நாலாய் மடித்து வரும் தாளுக்கு மட்டும் இன்றுவரை ஓர் உரை இல்லை. அக்குறை நீக்க எழுந்தது இக்கட்டுரை. பெட்டியைத் திறக்காமலேயே இப்பொருளில் முனைவர் பட்டம் வாங்கிவிடலாம். திறந்து காட்டச் சொல்லும் நெறியாளர்கள் அருகிவிட்டார்கள். ஆயினும் நாம் திறந்தோம்.

வரலாறு. 1882-இல் அமெரிக்கரான ஸ்கைலர் வீலர் இரண்டு றெக்கை வைத்த மேசை விசிறியைச் செய்தபோது அதற்குக் கூண்டே கிடையாது. ஆகவே கூண்டு மாட்டும் தொல்லையும் இல்லை. விரல் அவரவர் பொறுப்பு. கழற்றி அனுப்பும் கலையோ அதற்கும் மூத்தது. வியன்னாவின் தோனெட் நிறுவனம் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலி என்பது ஆறு மரத்துண்டு, பத்து ஸ்க்ரூ, இரண்டு நட்டு, அவ்வளவே. பிரித்து அடுக்கினால் 36 நாற்காலிகள் ஒரு கன மீட்டர் பெட்டியில் அடங்கின.

பொருளியல். கூரியர்க்காரர் தராசை மட்டும் நம்புவதில்லை. பெட்டியின் நீள அகல உயரத்தைச் செ.மீ. கணக்கில் பெருக்கி, 5000-ஆல் வகுத்து, வருவதைக் கிலோ என்று கொள்வார். இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு. பூட்டிய ஃபேனை 45-க்கு 45, உயரம் 130 என்ற பெட்டியில் நிறுத்தினால் அது 52 கிலோவைத் தாண்டும். அதையே பிரித்து, கூண்டோடு கூண்டு சேர்த்து, கம்பத்தை மூலைவாட்டில் கிடத்தி 20 செ.மீ. உயரத்துக்குள் அடக்கினால் 8 கிலோ சொச்சம். ஆக, பூட்டிய ஃபேனுக்கு நாம் வண்டி வாடகை கொடுத்து வரவழைப்பது பெரும்பாலும் காற்று. காற்றுக்காகத்தானே ஃபேன், அது முன்கூட்டியே வந்தால் என்ன என்பாரும் உளர். அவர் கூற்று கொள்ளற்பாலதன்று.

வகைப்பாடு. பிரிந்துவரும் உறுப்புகள் ஏழு. அடித்தட்டு கனமானது. கம்பம் நீளமானது. மோட்டாரைக் கம்பெனியே பூட்டி அனுப்பிவிடுவதால் ஆய்வுக்கு இடமில்லை. பின்கூண்டுக்குக் கைப்பிடி உண்டு. அதை முதல்முறை தலைகீழாக மாட்டாதவர் இலர். றெக்கையின் முதுகில் ஒரு பள்ளம், தண்டில் ஒரு பின். இரண்டும் பொருந்தினால் ‘டக்’ என்று உட்காரும். இனி றெக்கைத் திருகு.

பின்கூண்டைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் நட்டை வலப்பக்கம் சுற்றி இறுக்க வேண்டும் (தாள், படம் 3). அதற்கு நாலு விரற்கடை முன்னால், தண்டின் நுனியில், றெக்கையைப் பிடிக்கும் திருகை இடப்பக்கம் சுற்றி இறுக்க வேண்டும் (தாள், படம் 4, அம்புக்குறி, எறும்பளவு). உரையாசிரியர்கள் பிரிவது இங்கேதான்.

குடும்பத்தலைவர், அம்புக்குறி அச்சுப்பிழை என்பார். அப்படிச் சொல்லி, வலப்பக்கமே பலங்கொண்டு திருகி, திருகு கழன்று மடியில் விழுந்ததும் கம்பெனியின் தரம் குறித்து ஒரு கிளைஉரை நிகழ்த்துவார். மூத்த மகன், படம் ஃபேனுக்குப் பின்னாலிருந்து பார்த்து வரையப்பட்டது என்று நோக்குநிலைக் கோட்பாடு பேசுவான். ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பா, இது இடக்கைக்காரர்களுக்கு என்று தனியே செய்த சரக்கு, மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்பார். எதிர்வீட்டுச் சைக்கிள் கடைக்காரர் எட்டிப் பார்த்து, “லெஃப்ட் திரெட்டுங்க, சைக்கிள்ல இடது பெடல் மாதிரி” என்று சொல்லிவிட்டுப் போனார். மேற்கோள் எதுவும் காட்டாமல் ஒரே வரியில் முடித்ததால் அவையோர் அதை ஏற்கவில்லை.

அவர் சொன்னதே சரி. முன்னால் நின்று பார்த்தால் றெக்கை வலப்பக்கமாகச் சுற்றும். சுவிட்சைப் போட்டதும் தண்டு முந்தும், திருகு கொஞ்சம் பின்தங்கும். பின்தங்குவதென்றால், தண்டைப் பொறுத்தவரை இடப்பக்கம் திரும்புவது. சாதாரண மரையாக இருந்தால் அது கழன்று வரும் திசை. இடது மரையாதலால் இறுகும் திசை. ஆக, ஒவ்வொரு முறை போடும்போதும் ஃபேன் தன்னைத்தானே இறுக்கிக்கொள்கிறது. வீட்டிலுள்ள சாமான்களில் இவ்வளவு யோசித்துச் செய்தது வேறெதுவும் இருக்குமா என்பது சந்தேகம். அந்த யோசனையைச் சொல்லத்தான் இடம் போதவில்லை (காண்க: திருகு, மேற்புறம், வெள்ளைமேல் வெள்ளையாய்ப் புடைத்த எழுத்து, டார்ச் அடித்துச் சாய்த்துப் படிக்க, ஒப்புநோக்குக: மேற்படி தாள், மூன்றாம் மடிப்பு, காப்பிக் கறைக்குத் தென்கிழக்கே, இந்தி வரிக்கும் வாரண்டி நிபந்தனைக்கும் நடுவே, பாதி கிழிந்தது).

முன்கூண்டுக்கு நாலு கிளிப்பு. மூன்று விழும். முன்கூண்டை மட்டும் மாற்றி, உள்ளே அதே மோட்டாரை வைத்து மூன்று கருத்தரங்குகளில் ஓட்டும் முறை கட்டுரையாளர்களிடமும் காணப்படுகிறது; விரிப்பின் பெருகும்.

சீலிங் ஃபேன் நம் எல்லைக்கு வெளியே. அதன் மூன்று றெக்கைகளும் எடை பார்த்து ஜோடி சேர்த்தவை, வேறு பெட்டி றெக்கையோடு கலந்தால் ஃபேன் ஆடும் என்பதோடு அமைவோம்.

எல்லாம் பூட்டி முடித்தபின் ஒரு ஸ்க்ரூ மிஞ்சும். இது இடைச்செருகல் என்பர் ஒரு சாரார். அன்று, மூலத்தில் ஒரு சூத்திரம் சிதைந்துபோனதற்கு இதுவே சான்று என்பர் மறுசாரார்; மூன்றாம் எண்ணில் வைத்தால் ஃபேன் ‘டடட’ என்பதையும் துணைக்கு அழைப்பர். மேற்படி ஸ்க்ரூ, பழைய மிக்ஸியிலிருந்து மிஞ்சிய ஸ்க்ரூவோடும், எதிலிருந்து வந்ததென்று துணியப்படாத இரண்டு வாஷர்களோடும், ஃபிரிட்ஜ் மேலுள்ள பிஸ்கட் டப்பாவில் பாதுகாக்கப்படுகிறது. பார்வையிட விழையும் ஆய்வாளர்கள் வீட்டம்மாவிடம் முன் அனுமதி பெற்று வரவும். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை அவர் ஃபேனடியில் தூங்குவார்; அப்போது வரவேண்டாம்.