மூணு மிதி பிரேக்

பூம்புகார் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே மீன் லோடு ஏற்றிக்கொண்டு மயிலாடுதுறைப் பக்கம் பறக்கிற வண்டிகளில் குட்டி யானைக்குத் தனி மரியாதை உண்டு. 2005-இல் டாடா கம்பெனி அதற்கு ஏஸ் என்று பெயர் வைத்தது. ஊர் அதைக் கண்டுகொள்ளவில்லை. பெட்டியில் ஐஸ் உருகி, உப்பும் செதிலுமாகப் பின்சக்கரத்தின் மேல் சொட்டிக்கொண்டே போகும். மேலே கடற்காற்று வேறு.

தருமகுளம் கடைத்தெருப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் அப்படியொரு வண்டி வந்து நின்றது. நின்றது என்பதைவிட, வாசலில் கிடந்த பழைய டயரில் முட்டி ஓய்ந்தது என்பதே சரி.

“பிரேக்கெல்லாம் அருமையா இருக்குண்ணே. நேத்துதான் மச்சானை வச்சு ஏர் எடுத்தேன். பெடல் மட்டும் கொஞ்சம் பஞ்சாட்டம் போகுது” என்றார் இறங்கிய முதலாளி.

“கொஞ்சம்னா?”

“தரை வரைக்கும்.”

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். அதிகம் பேசாத ஆள். முதலாளி அந்தக் குறையையும் சேர்த்துத் தீர்ப்பவர்.

“ஆனா மூணு தடவை மிதிச்சா ஏறி வந்துடும். மூணாவது மிதியில கெட்டியா நிக்கும் பாருங்க!”

“முன்னாடி போற மாடு மூணாவது மிதி வரைக்கும் இருக்குமா?”

ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடும். முதல் இரண்டு மிதிக்கு ஒரு நொடி என்று வைத்தாலும், மாடு மட்டுமல்ல, மாட்டுக்காரரும் தாண்டிப் போய்விடுவார்.

“அண்ணே, இது என்ன ஊட்டி ரோடா? டெல்டாவுல மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. இங்க பிரேக்குக்கு என்ன வேலை?”

“பாதி ரோட்டுல நெல்லு காயுது. மீதி ரோட்டுல அறுவடை மெஷின் வருது.”

முதலாளி வரலாற்றுக்குத் தாவினார். “ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இந்த ஊருக்கு எங்கெங்கிருந்தோ கப்பல் வந்துச்சு. அதுக்கெல்லாம் பிரேக் இருந்துச்சா?”

“நங்கூரம் இருந்துச்சு. அதையும் மூணு தடவை போட மாட்டாங்க.”

மெக்கானிக் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பலரும் இந்தக் கட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொல்லிவிடுவார்கள். இவர் காலால் விசாரித்தார். நாலைந்து தடவை மிதித்து, பெடல் ஏறியதும் அப்படியே அழுத்திப் பிடித்தார். மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் விட்டுவிட்டது, அல்லது எங்கோ ஒழுகுகிறது. இறங்கவில்லை. முதல் மிதியிலேயே கெட்டியாக, ஆனால் ரொம்பக் கீழே போய்ப் பிடித்தால் பின் டிரம்மில் ஷூவுக்கு இடைவெளி அதிகம். அட்ஜஸ்ட் பண்ணினால் போதும். இது அப்படியும் இல்லை, அமுங்கி அமுங்கிப் போனது. ஆக, காற்று.

எண்ணெயை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். 1921-இல் அமெரிக்காவின் டூசன்பர்க் கார் நான்கு சக்கரத்துக்கும் எண்ணெய் பிரேக்கோடு வந்த காலத்திலிருந்து சங்கதி இவ்வளவுதான். காலின் பலமெல்லாம் அந்தக் குமிழியை நசுக்கவே செலவாகிவிடும்.

“எத்தனை வீல்ல ஏர் எடுத்தீங்க?”

“எல்லாத்துலயும்.” கொஞ்ச நேரம் கழித்து, “மூணுல.”

“நாலாவது?”

“பின்னாடி இடது பக்கம். நிப்பிள் திறக்கவே மாட்டேன்னுடுச்சு. அவ்வளவு டைட்டா இருந்தா அதுக்குள்ள காத்து எப்படிண்ணே போகும்?”

இந்தத் தர்க்கத்துக்கு மெக்கானிக்கிடம் பதில் இல்லை. டிரைவர் சீட் வலது பக்கம் என்பதால் மாஸ்டர் சிலிண்டருக்கு வெகு தொலைவில் இருப்பது பின் இடது சக்கரம்தான். வழக்கமாக அங்கேதான் ஆரம்பிப்பார்கள்.

“மிதிச்சது யாரு?”

“மச்சான் தனி ஆளு. அவனே மிதிப்பான், அவனே ஓடி வந்து நிப்பிளை மூடுவான். செம சுறுசுறுப்பு.”

அவன் ஓடி வருகிற அந்த நேரத்தில் பெடல் தானாக மேலே வந்திருக்கும். வரும்போது திறந்த நிப்பிள் வழியாகக் காற்றை உறிஞ்சியிருக்கும். நடுவில் மேலே இருந்த எண்ணெய் டப்பா வற்றிப்போனதையும், வீட்டில் போன வருஷம் திறந்து வைத்த பாட்டிலிலிருந்து ஊற்றியதையும் முதலாளி பெருமையாகச் சொன்னார். “வீணாக்கலைண்ணே!”

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 ரகம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறினால் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடும். சூடேறிய சக்கரத்தில் அது ஆவியானால், காற்று செய்கிற அதே வேலையைச் செய்யும். அதுவும் கடற்கரை ஊரில் ஒரு வருஷம் திறந்து கிடந்த பாட்டில்!

மெக்கானிக் துருப்பிடித்த நிப்பிளைச் சுற்றி பிரஷ் போட்டார், துரு விடுகிற எண்ணெய் அடித்தார், டீ குடித்துவிட்டு வந்தார். ஓப்பன் ஸ்பேனரைத் தொடவில்லை. ஆறு பட்டையையும் கவ்வுகிற பாக்ஸ் ஸ்பேனரைப் போட்டு, லேசாகத் தட்டி, இறுக்குகிற பக்கம் ஒரு நூல், கழற்றுகிற பக்கம் ஒரு நூல் என்று ஆட்டினார். உடைந்தால் வீல் சிலிண்டரே மாற்ற வேண்டும். ‘டக்’கென்று விட்டது.

ஒரு பையனைப் பெடலில் உட்கார வைத்தார். “மெதுவா மிதி. முழுசா மிதிக்காதே. பிடி. நான் மூடுன பிறகு விடு.” நிப்பிளில் மாட்டிய டியூபின் மறுமுனை எண்ணெய்க்குள் முங்கியிருந்தது. முதலில் குமிழி குமிழியாகத் துப்பியது. அப்புறம் டிகாக்‌ஷன் நிறத்தில் பழைய எண்ணெய். கடைசியில் தெளிவாக வந்தது. டப்பா வற்றிய வண்டி என்பதால் மற்ற மூன்று சக்கரங்களிலும், அடிக்கடி டப்பாவை நிரப்பியபடி, மறுபடி எடுத்தார். பெடல் முதல் மிதியிலேயே மேலே நின்றது.

முதலாளி ஏறி மிதித்துப் பார்த்தார். “என்னண்ணே, இவ்வளவு கெட்டியா இருக்கு? கால் வலிக்குமே.”

“பழகிடும்.”

“சரி, கூலி எவ்வளவு? மூணு வீலுக்கு மச்சானுக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்துட்டேன். நீங்க ஒரு வீலுக்குத்தான் கேக்கணும்.”

மெக்கானிக் வீல் ஸ்பேனரை எடுத்தார். “அப்ப அந்த ஒரு வீலுக்கு மட்டும் நட்டு இறுக்கிடுறேன். மச்சானுக்கு போன் போடுங்க.”