அந்த 50 ரூபாயை நானே கட்டிவிடுகிறேன்

அனுப்புநர்:
பக்கத்து மொட்டை மாடிக்காரன்,
சென்னைப் புறநகர்.

பெறுநர்:
உயர்திரு அதிகாரி அவர்கள்.
(அலுவலகத்தின் பெயரையும் எழுதலாம்தான். ஆனால் அவதூறு வழக்கில் அபராதம் 50 ரூபாயோடு நிற்காது என்கிறார் எனக்குத் தெரிந்த வக்கீல்.)

பொருள்: பக்கத்து வீட்டு மாடியில் நடக்கும் நாய்ப் பண்ணை – எனது புகார் மனு சீரும் சிறப்புமாக முடித்துவைக்கப்பட்டமை – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது மனு. 2. அம்மனு ‘உரிய நடவடிக்கைக்குப் பின் முடித்துவைக்கப்பட்டது’ என்ற தங்கள் குறுஞ்செய்தி. 3. அதற்கு முன்பே எனக்கு வந்துவிட்ட பண்ணைக்காரரின் போன்.

ஐயா,

வணக்கம். பார்வை மூன்றிலிருந்து தொடங்குகிறேன். அதுதான் முதலில் வந்து சேர்ந்தது.

“சார், வணக்கம். உங்க பெட்டிஷன் படிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க” என்றது குரல். பத்திரிகைகளுக்கு எழுதிக் காலம் தள்ளுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அதிகாரி பதில் போடுவதற்குள், குற்றம் சாட்டப்பட்டவர் வாசகர் கடிதமே போட்டுவிட்டார். என் பெயர், முகவரி, கைபேசி எண் எல்லாம் அவர் கையில் இருந்தன. “நாய் வேணும்னா நேரா கேட்டிருக்கலாமே சார், எதுக்கு ஆபீஸுக்கெல்லாம் அலையறீங்க? ஷிட்சூ பதினெட்டுக்குப் போகுது. நீங்க பக்கத்து வீடு, பதினஞ்சுக்குத் தர்றேன். வித் பேப்பர்.” புகார்தாரரின் விவரம் ரகசியமாக வைக்கப்படும் என்று உங்கள் அலுவலகத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த ரகசியத்துக்கு இப்போது 3,000 ரூபாய் தள்ளுபடி கிடைக்கிறது.

மனம் பொறுக்காமல் உங்களை நேரிலேயே வந்து பார்த்தேன். உட்காரச் சொன்னீர்கள். அந்தப் பெருந்தன்மையை மறக்க மாட்டேன். பிறகு விளக்கினீர்கள். “சார், கேஸ் போட்டாலும் மேக்ஸிமம் அம்பது ரூபா ஃபைன். இன்னொரு தடவை நான் அங்க போய்ட்டு வர ஆட்டோவுக்கே எரநூறு ஆகும். நீங்களே சொல்லுங்க.” பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். தன் மனுவை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்த இன்னொருவரும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். முதல் தடவை நீங்கள் வந்து இறங்கியது ஆட்டோவில் அல்லவே, பின்கண்ணாடியில் எலும்புத் துண்டும் நாய்ப் பாதமும் ஒட்டிய காரில் அல்லவா என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. 50 ரூபாய் விவகாரத்துக்கு அவ்வளவு பேசக் கூடாது.

நீங்கள் சொன்னதில் சட்டப் பிழை ஏதும் இல்லை. வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960, பிரிவு 11. அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பது, குட்டைச் சங்கிலியில் மணிக்கணக்காகக் கட்டிப்போடுவது, போதிய தீனியும் தண்ணீரும் ஒதுங்க இடமும் தராதது, எல்லாமே ஒரே பட்டியல், ஒரே விலை. முதல் முறை என்றால் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய்க்கு மிகாமல். மூன்று ஆண்டுக்குள் மறுபடி பிடிபட்டால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்தச் சிறை சமாச்சாரத்தை அன்று உங்கள் வாயிலிருந்து கேட்ட ஞாபகம் இல்லை. கையில் இருந்த நேரம் 50 ரூபாய்க்கே சரியாகப் போய்விட்டது போலும்.

1960இல் 50 ரூபாய் என்றால் ஏறக்குறைய அரைப் பவுன் தங்கம். அன்று நாயைப் பட்டினி போட்டவன் பெண்டாட்டியின் காதில் கிடந்ததைக் கழற்றியிருக்க வேண்டும். இன்று அதே காசுக்கு நல்ல ஓட்டலில் ஒரு ஃபில்டர் காபி கிடைத்தால் அதிர்ஷ்டம். தங்கம் ஏறியது, பால் ஏறியது, எத்தனையோ ஊதியக் குழுக்களைக் கண்டு உங்கள் சம்பளமும் ஏறியது. நாய்களின் வலி மட்டும் நேரு காலத்து விலையிலேயே கிடைக்கிறது.

இத்தனைக்கும் இந்தச் சட்டம் நம் ஊர்க்காரர் ஒருவரின் பிடிவாதத்தில் பிறந்தது. கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல்தான் 1950களில் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதும் அதைத் திரும்பப் பெற்றார். 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே தலைவர். வாரியம் இருந்ததும் சென்னையில்தான். 2018இல் அதை ஹரியானா மாநிலத்தின் பல்லப்கருக்கு மாற்றிவிட்டார்கள். நாய்களை மாற்றவில்லை.

2014 ஜல்லிக்கட்டுத் தீர்ப்பு ஞாபகம் இருக்கும். காளையைப் பற்றி அதில் எழுதியிருந்ததற்காக 2017இல் மெரினாவே நிறைந்தது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது: பிரிவு 11இன் தண்டனை போதாது, நாடாளுமன்றம் திருத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எதிர்பார்ப்பதாகச் சொன்னது. அதற்காக எந்தக் கடற்கரையிலும் யாரும் உட்காரவில்லை. 2022 நவம்பரில் ஒன்றிய அரசு ஒரு திருத்த வரைவை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டது. கருத்துச் சொன்னோம். இன்னும் 50 ரூபாயில்தான் இருக்கிறோம்.

ஆனால் அரசு சும்மா இருந்தது என்று சொல்லிவிட முடியாது. 2017இல் நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் என்றே தனி விதிகள் வந்தன. படித்தால் கண்ணில் தண்ணீர் வரும், அவ்வளவு கருணை. 18 மாதம் நிரம்பாத பெண் நாயை இணைசேர்க்கக் கூடாது. 8 வயது ஆகிவிட்டால் கூடாது. அடுத்தடுத்த இரண்டு பருவங்களில் கூடாது. ஆயுளுக்கு 5 ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. வாலை நறுக்கக் கூடாது, காதை வெட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் முதலில், மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் இந்தத் தொழிலையே நடத்தக் கூடாது. பதிவுக் கட்டணம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குச் செல்லும். விதியை மீறினால்? சட்டப்படி 100 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை. சிறையை நாம் பேசுவதில்லை என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. ஆக, ஒழுங்காக நடக்க 5,000, மீறி நடக்க 100. எங்கள் தெரு அண்ணாச்சி கடையில் பொட்டலம் மடிக்கும் பையனைக் கேட்டாலும் எது லாபம் என்று சொல்லிவிடுவான். பண்ணைக்காரர் அவனைவிடக் கெட்டிக்காரர்.

உங்கள் ஆய்வறிக்கையை வரிவரியாக ரசித்தேன். “ஆய்வின்போது ஆறு நாய்கள் காணப்பட்டன. அவை செல்லப் பிராணிகள் என உரிமையாளர் தெரிவித்தார். பதிவு செய்துகொள்ள அறிவுறுத்தப்பட்டார்.” சத்தியமான வார்த்தை. ஆறுதான் இருந்தன. மீதியை முந்தின நாள் இரவே குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போனதை என் மாடியிலிருந்து பார்த்தேன். விடிவதற்குள் ஹோஸ் பைப் போட்டுக் கழுவி, பினாயில் ஊற்றி, ஆறு நாய்க்கும் ஆறு புதுத் தட்டு வைத்தார்கள். நீங்கள் போன மாலையே குட்டி யானை திரும்பி வந்தது. தட்டுகளை எடுத்துவிட்டார்கள். அவர் வீட்டுக்கு எந்த நாளில் விருந்தாளி வருகிறார் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கப் போவதில்லை. என் கைபேசி எண் தெரிந்த வழியில்தான் இதுவும் தெரிந்திருக்கும்.

ஐயா, மரியாதையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுச் சொல்கிறேன். அந்தத் தகர ஷீட்டுக்குக் கீழே ஒரு கோல்டன் ரெட்ரீவர் இருக்கிறது. நாங்கள் இங்கே குடிவந்ததிலிருந்து அது ஒன்று சினையாக இருக்கிறது, இல்லை பால் கொடுத்துக்கொண்டிருக்கிறது. காம்புகள் தரையில் உரசுகின்றன. கம்பி வலைமேலேயே நின்று நின்று பாதம் அகன்று, விரலிடுக்கெல்லாம் புண். மூத்திரத்தில் கிடந்து தொடை மயிர் உதிர்ந்துவிட்டது. குட்டிக்கு 40 நாள் ஆனதும் ஒவ்வொன்றாகக் கூடையில் எடுத்துப் போகிறார்கள். அடுத்த ஹீட் வந்ததும் ஆண் நாயைக் கொண்டுவந்து விடுகிறார்கள். அந்த ஆண், அதற்கே பிறந்ததாகவும் இருக்கும், கேட்பார் யார்? இதைவிட மூத்த ஒரு லாப்ரடார் இருந்தது. மடியில் கட்டி வந்து, குட்டி போடுவது நின்றதும், ஒரு நாள் காணவில்லை. அப்படிக் காணாமல் போகிறவை எந்த ஏரிக்கரையில் இறங்குகின்றன என்று மீட்புத் தொண்டர்களுக்குத் தெரியும். இது தொழில் இல்லை, அயோக்கியத்தனம். இதற்கு விலை சொல்லி ஒரு அரசு அலுவலகத்தில் நாலு பேர் சிரித்தோம், அதில் நானும் ஒருவன். வெட்கமாக இருக்கிறது.

மன்னிக்க வேண்டும். தங்கள் சமூகத்துக்கு மீண்டும் வருகிறேன்.

தாய்ப்பாலின் பாதுகாப்பும் குறைந்து, தடுப்பூசியும் முழுதாகப் போடாத வயதில் குட்டியை விற்றால் என்ன ஆகும் என்று கால்நடை மருத்துவம் படித்த தங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? பார்வோ. வாங்கிய குடும்பம் வாரம் திரும்பும்முன் ரத்தக் கழிச்சலோடு குட்டியைத் தூக்கிக்கொண்டு கிளினிக் வாசலில் நிற்கும். ட்ரிப்ஸ் ஒன்றுக்கே 50 ரூபாயைப் போல் பல மடங்கு ஆகும். பண்ணைக்காரர் ரொம்ப நியாயஸ்தர், செத்தால் வேறு குட்டி தருவார். அதே கூண்டிலிருந்து.

அவர் பேப்பர் பேப்பர் என்கிறாரே, அது வம்சாவளிச் சான்று. தாத்தா யார், பாட்டி யார் என்று அதில் இருக்கும். தாய் எதன் மேல் நின்றுகொண்டிருந்தாள் என்று இருக்காது. அவர் சரக்குக்குச் சொல்லும் பெருமை எல்லாம் எனக்கு மனப்பாடம்: ஹெவி போன், பஞ்ச் ஃபேஸ், இம்போர்ட் லைன். மாடியில் ஒரு சைபீரியன் ஹஸ்கியும் உண்டு. பனியில் வண்டி இழுக்கப் பிறந்தது, அக்னி நட்சத்திரத்தில் டேபிள் ஃபேன் முன்னால் ஐஸ் கட்டியை நக்கிக்கொண்டு கிடக்கிறது. 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் எல்லாம் நம் வெயிலுக்கு ஆகாதவை என்று பட்டியலிட்டிருந்தார்கள். ஹஸ்கிக்குப் படிக்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

தனியார்தான் மோசம் என்றும் சொல்ல வரவில்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று நம் நாய்களைக் காப்பாற்ற அரசே சைதாப்பேட்டையில் ஓர் இனப்பெருக்கப் பிரிவு நடத்தியது. அங்கிருந்த நாய்களின் நிலைமை வழக்காகி, 2016இல் அதை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே, ஒரு கூண்டைப் பார்த்ததும் அதில் என்ன தவறு என்று தெரியாத துறை அல்ல உங்களுடையது.

இப்போது என் பணிவான யோசனை. அந்த 50 ரூபாயை நானே கட்டிவிடுகிறேன். அடுத்த முறைக்கான 100 ரூபாயையும் முன்பணமாகத் தருகிறேன். ஆட்டோ சத்தம் 200 ரூபாயும் என்னுடையது, வெயிட்டிங் சார்ஜ் உள்பட. இத்துடன் நோட்டாகவே இணைத்திருப்பேன். அரசு ஊழியருக்குக் கவரில் பணம் அனுப்பினால் அது வேறு சட்டம், அதில் தொகை 50 ரூபாயோடு நிற்காது என்று அதே வக்கீல் தடுத்துவிட்டார்.

ஆனால் ஐயா, இத்தனை சிரிப்புக்கும் நடுவில் ஒன்றை மறந்துவிட்டோம். 50 ரூபாய் என்று எழுதியது நாடாளுமன்றம். அதை மாற்ற உங்களால் முடியாது, ஒப்புக்கொள்கிறேன். முன்கூட்டிச் சொல்லாமல் படியேறுவதை எந்த நாடாளுமன்றமும் தடுக்கவில்லை. புகார் கொடுத்தவன் எண்ணைக் குற்றவாளிக்குக் கொடுக்காமல் இருப்பதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. பதிவு இல்லாத இடத்தில் ‘அறிவுறுத்தப்பட்டார்’ என்று எழுதுவதற்குப் பதில் ‘நடத்த அனுமதி இல்லை’ என்று எழுத அதே மைதான் செலவாகும். நீங்கள் சட்டத்தின் பலவீனத்தைக் காட்டிச் சிரித்தது, உங்கள் பலத்தை நான் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

ஒரு நாள், யாருக்கும் சொல்லாமல், அந்த மாடிக்கு வாருங்கள். கதவு பூட்டியிருந்தால் என் மாடிக்கு வாருங்கள், எல்லாம் தெரியும். பதிவுச் சான்றைக் கேளுங்கள். எந்த நாய் எப்போது எத்தனை ஈன்றது என்ற பதிவேட்டைக் கேளுங்கள். அந்த கோல்டன் ரெட்ரீவரை வெளியே எடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனு முடித்துவைக்கப்பட்டவன்.

நகல்: நாய்க்குட்டி வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கும் வாசகர்களுக்கு. மாநில விலங்குகள் நல வாரியத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். பிறந்த தேதியைக் கேட்டு எட்டு வாரம் ஆகிவிட்டதா என்று எண்ணிப் பாருங்கள். தாயைக் காட்டச் சொல்லுங்கள், போட்டோவிலோ வீடியோ காலிலோ அல்ல, அது படுத்திருக்கும் இடத்திலேயே. கேட் வாசலில் வைத்தோ பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்தோ குட்டியைக் கையில் கொடுத்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். பதினஞ்சுக்குத் தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள்.