மூணு வரி டயர்

எங்கள் வீட்டுக்கு முதல் டிராக்டர் வந்த காலத்தில் முன் டயர் வாங்குவது ஒரு வேலையே இல்லை. மன்னார்குடியில் கடைக்குப் போய், "6.00-16 இருக்கா?" என்பார் அப்பா. இருக்கும், இல்லாவிட்டால் "அடுத்த வாரம் வாங்கண்ணே." ஆறு அங்குல அகலம், பதினாறு அங்குல ரிம், நீளவாக்கில் மூன்று வரி. நடுவரி மட்டும் கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும். அதுதான் மண்ணைக் கீறிப் பிடித்து, ஸ்டியரிங் சொன்ன பக்கம் வண்டியைக் கொண்டுபோகும்.

அந்த வரி தேய்ந்து மொட்டையானால், ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் சேற்றில் வண்டி நேரே வரப்பில் போய் முட்டப் பார்க்கும். அப்பா அசரமாட்டார். திரும்பவேண்டிய பக்கத்துப் பிரேக்கை மட்டும் ஒரு மிதி. கேஜ் வீல் சேற்றை வாரியடிக்க, வண்டி நின்ற இடத்திலேயே சுற்றும். மொட்டை டயரோடு நாலு போகம் ஓட்டினார். கேட்டால், "முன் டயர் அழகுக்குத்தான்டா" என்பார்.

அழகு என்ற சொல்லை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன் போலிருக்கிறது.

என்னுடையது ஃபோர் வீல் டிரைவ். முன்னாலும் பட்டன் டயர், 8-18. அது தேய்ந்தது வயலில் அல்ல; செங்கல் நடை அடித்த தார் ரோட்டில், ஃபோர் வீல் லிவரை எடுக்க மறந்து ஓட்டியதால். புது டயருக்காக ஒரு வாரம் யூடியூப் பார்த்தேன். பிளை ரேட்டிங், பட்டன் உயரம், காற்றளவு எல்லாம் மனப்பாடம். கடைசியில், "ஒரு சைஸ் பெரிசா போடுங்கப்பா, கெத்தா இருக்கும்" என்றான் மகன். "தாராளமா போடலாம் சார்" என்றார் கடைக்காரர். போட்டோம். கெத்தாகத்தான் இருந்தது, லிவரைப் போடும்வரை. போட்டதும் கியர்பாக்ஸ் முனகியது. முன் சக்கரம் வண்டியை இழுத்துக்கொண்டு வழுக்கியது.

அப்பா காலத்து மெக்கானிக் வந்தார். நான்கு டயரிலும் சாக்பீஸால் கோடு போட்டார். பின் சக்கரம் பத்துச் சுற்றுப் போவதற்குள் முன் சக்கரம் எத்தனை சுற்று என்று, லிவர் போட்டு ஒரு தரம், எடுத்து ஒரு தரம் எண்ணினார். லிவர் போட்டால் முன் சக்கரம் நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள்தான் கூடுதலாகச் சுற்றலாமாம். எங்களுடையது பத்தைத் தாண்டியிருந்தது.

"பின்னால 13.6-28 மாட்டிக்கிட்டு முன்னால இதைப் போட்டா கியர் என்ன தம்பி பண்ணும்?"

மறுபடியும் 8-18. கழற்றிய டயர் ஒன்றில் இப்போது கோழி அடைகாக்கிறது. அதற்கு அந்த அளவு சரியாக இருக்கிறது.