பாலக்காட்டைத் தாண்டினால் ஃபாரின்

கொச்சி மட்டாஞ்சேரியில் குடியிருக்கும் என்னை மதுரைச் சொந்தங்கள் ஃபாரின்காரன் கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள். கேரளா என்றாலே காடு என்ற நினைப்பு வேறு. அதனால் விருந்தாளி வந்தால் காடு காட்டியாக வேண்டும். வாட்டர் மெட்ரோவில் ஏறி ஹைகோர்ட்டில் இறங்கி, மங்களவனத்துக்கு நடத்திக் கூட்டிப் போவேன். மொத்தப் பரப்பு 2.74 ஹெக்டேர், ஏழு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. 2004-இல் பறவைகள் சரணாலயம் ஆனது. இந்த அளவுக்கு நம்மூரில் கல்யாண மண்டபமே இருக்கிறது.

ஆனாலும் அலையாத்தி மரங்கள் உண்டு. பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. பக்கத்திலேயே உயர்நீதிமன்றம். வக்கீல்கள் வாதாடும் நேரமெல்லாம் இராக்கொக்குகள் தூங்குகின்றன. கோர்ட் கலைந்த பிறகுதான் வேலைக்குக் கிளம்புகின்றன. சுற்றிலும் அடுக்குமாடிகள். அவற்றின் விளம்பரங்களில் 'இயற்கையின் மடியில்' என்பார்கள். மடி எவ்வளவு சின்னது என்று சொல்வதில்லை.

"புலி இல்லையா மாப்ளே?" என்று மாமா கேட்டார். கொசுவைக் காட்டினேன்.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள். சத்தம் போடாதீர்கள், அங்கே பாதிப் பேர் நைட் ஷிஃப்ட்.