ராஜா குள்ளமான கதை

ராஜா என்றால் ஒரு ஆகிருதி வேண்டாமா? பசிபிக் சால்மன் மீன்களிலேயே பெரிய உருவம் சினூக். பார்த்து மிரண்ட அமெரிக்கர்கள் அதற்கு 'கிங்' என்றே பட்டம் கட்டிவிட்டார்கள்.

1985 மே மாதம். அலாஸ்காவின் கீனாய் ஆற்றில் லெஸ் ஆண்டர்சன் என்ற கார் வியாபாரி ஒரு ராஜாவைத் தூண்டிலில் பிடித்தார். 97 பவுண்டு, அதாவது 44 கிலோ! ஏழாம் வகுப்புப் பையனைத் தூக்கிப் படகில் போட்ட மாதிரி. மனிதர் உடனே தராசுக்கு ஓடினாரா? ம்ஹூம். ராஜாவை ஓரமாகக் கிடத்திவிட்டு அடுத்த மீனுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்! மணிக்கணக்கில் காய்ந்த பிறகுதான் எடை. உடனே நிறுத்திருந்தால் செஞ்சுரி அடித்திருக்கும் என்று அந்த ஊரில் பெருமூச்சு விடுபவர்கள் உண்டு. அந்தத் தூண்டில் ரெக்கார்டை இன்னும் யாரும் உடைக்கவில்லை. ஆண்டர்சன் கில்லாடி என்பதால் மட்டுமல்ல, ராஜாவே சுருங்கிக்கொண்டு வருகிறார்!

அலாஸ்காவில் 1957 முதல் 2018 வரை 1.25 கோடி சால்மன்களை அளந்திருக்கிறார்கள். (யாருக்கோ அரசாங்கச் சம்பளத்தில் மீனுக்கு டேப் பிடிக்கும் உத்தியோகம்!) வயசைக் கேட்டால் மீன் சொல்லாது. ஒரு செதிலைப் பிடுங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், மரத்தின் வளையம்போல வட்டம் வட்டமாக ஜாதகமே தெரியும். 1990க்கு முந்தைய சினூக்கைவிட 2010க்குப் பிந்தைய சினூக் சுமார் 8 சதவீதம் நீளம் குறைவு. பூ, இவ்வளவுதானா என்காதீர்கள். ஆறடி மாப்பிள்ளை என்று சொல்லி ஐந்தரை அடியைக் கூட்டிவந்தால் பெண் வீட்டார் சும்மா விடுவார்களா?

ஏன் இப்படி? முக்கியமாக, ராஜா வயசாகும் முன்பே கல்யாணத்துக்காகக் கடலிலிருந்து பிறந்த ஆற்றுக்குத் திரும்பிவிடுகிறார். கடலில் கூட ஒரு வருஷம் இருந்தால் உடம்பு ஏறும். வாஸ்தவம். ஆனால் ஓர்க்கா திமிங்கிலத்துக்கும் பெரிய மீன்தான் வேண்டும், மீனவருக்கும் பெரிய மீன்தான் வேண்டும். சீக்கிரம் கல்யாணம் முடித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்!

கொலம்பியா ஆற்றில் 'ஜூன் பன்றி' என்றே ஒரு ராஜ வம்சம் இருந்தது. பெயர்தான் அப்படி, ஆள் 36 கிலோவைத் தாண்டுவார். வாயில் ஒரு பருக்கை போடாமல், சேர்த்துவைத்த கொழுப்பை நம்பி ஆயிரம் கிலோமீட்டர் எதிர்நீச்சல். அதே ஆற்றில் 1942ல் கட்டி முடித்த கிராண்ட் கூலி அணையின் உயரம் 168 மீட்டர். இவ்வளவு கட்டிய எஞ்சினியர்கள் மீன் ஏற ஒரு படி வைத்தார்களா? வம்சம் அதோடு காலி.

அதற்காக ராஜாங்கம் நின்றுபோகவில்லை. ஒரே வருஷத்தில் கடலிலிருந்து திரும்பும் பொடியனுக்கு 'ஜாக்' என்று பெயர். கொக்கித் தாடையோடு இரண்டு ராஜாக்கள் பெண்ணுக்காக மோதிக்கொண்டிருப்பார்கள். ஜாக் கல் இடுக்கில் பம்மியிருப்பான். முட்டை விழும் நேரம் பார்த்துச் சட்டென்று உள்ளே புகுந்து காரியத்தை முடித்துவிடுவான். இருபத்தெட்டு ஆடுபவர்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. அந்தச் சீட்டாட்டத்திலும் ஜாக்குக்கு 3 பாயின்ட். ராஜாவுக்கு முட்டை!